முதலில் அளந்து பார்!

கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்கிறது. மக்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். "புது மெஷின் வாங்குங்கள்" என்கிறார் ஒருவர். "புரோகிராம் முழுவதையும் மாற்றி எழுதுங்கள்" என்கிறார் இன்னொருவர்.

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

ஒரு வேலைக்கு 10 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில், பட்டியலில் பெயரைத் தேடுவதற்கு மட்டும் 8 வினாடி. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 வினாடி. அந்த 2 வினாடியைப் பாதியாகக் குறைத்தால் லாபம் 1 வினாடிதான். தேடும் நேரத்தைப் பாதியாக்கினால் 4 வினாடி லாபம்!

அமெரிக்க அறிஞர் டொனால்டு நூத் பல புரோகிராம்களை அளந்து பார்த்தார். 1971-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல், பொதுவாக, புரோகிராமில் நூற்றில் 4 பங்குக்கும் குறைவான இடத்திலேயே செலவாகிறதாம்!

அந்த இடம் எது? ஊகம் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். 'புரொபைலர்' என்ற கருவி கணக்குக் காட்டிவிடும்.

இடம் தெரிந்தபின் வழியும் தெரியும். 10 லட்சம் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பானேன்? அகரவரிசையில் அடுக்கி, நடுவில் பார்த்து, பாதி பாதியாகத் தள்ளிக்கொண்டே போனால் 20 தடவைக்குள் பெயர் கிடைத்துவிடும்.

புரோகிராம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் இதை முதல் பாடமாக வைக்க வேண்டும். அளந்து பார், திருத்து, மறுபடியும் அளந்து பார். இந்தப் பழக்கம் வந்துவிட்டால், மாணவரின் உழைப்பும் வீணாகாது. வரிசையில் நிற்பவரின் பொழுதும் வீணாகாது.