செய்து கொடுக்காத அக்கா

மூன்றாம் ஆண்டு பயோடெக்னாலஜி படிக்கும் என் மகள் போன மார்ச்சில், "அம்மா, காலேஜ்ல ஐஜெம் டீம்ல என்னை எடுத்துட்டாங்க" என்று குதித்தபோது ஏதோ டான்ஸ் போட்டி என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வகுப்பு முடிந்த பிறகும் லேப்பில் கிடக்க வேண்டிய வேலை என்று. ஆவடியில் ரயிலைப் பிடித்து அம்பத்தூர் வந்து சேர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். "வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் என் கணவர் கட்சிதான்.

தோழிகளுக்காக இந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம். செயற்கை உயிரியல் என்று ஒரு படிப்பு. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்குள் புதிய மரபணுத் துண்டை வைத்து, நமக்கு வேண்டிய பொருளை அதைக்கொண்டே செய்ய வைப்பது. என் மாமியார் ஊசி போட்டுக்கொள்கிறாரே இன்சுலின், அப்படி பாக்டீரியாவில் தயாரித்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் 1982-லேயே அனுமதி கிடைத்துவிட்டதாம். அங்கே எம்.ஐ.டி.யில் 2003-ல் ஒரு மாத வகுப்பாக ஆரம்பித்தது, 2004-ல் ஐந்து கல்லூரிகளின் போட்டியானது. இப்போது நூற்றுக்கணக்கான அணிகள். 2022-லிருந்து இறுதி விழா பாரீசில். நம் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2008-லேயே போயிருக்கிறார்கள்; 2018-ல் தங்கப் பதக்கமும் வாங்கினார்கள். பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி அணியும் 2016-ல் கலந்துகொண்டது. பதிவுக் கட்டணமே லட்சக்கணக்கில். அதைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை. நல்லவேளை, கல்லூரி கட்டியது.

ஒவ்வொரு அணிக்கும் பொறுப்பாக இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அது போக, கூடவே நின்று வழிகாட்ட ஆலோசகர்கள். என் மகளின் அணிக்கு அப்படி வந்தவர் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கும் ஓர் அக்கா. திருமுல்லைவாயலில் வாடகை அறையில் இருக்கிறார். அவருக்கே இந்த வருடம் ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். இந்த வேலைக்கு நயா பைசா கிடையாது. 'சும்மா யார் இப்படி உழைப்பார்கள்? ஏதாவது ஆதாயம் இருக்கும்' என்று மனசுக்குள் சந்தேகப்பட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் ராத்திரி என் மகள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். மூன்று வாரமாகத் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, "நீங்களே ஒரு தடவை செஞ்சு குடுத்துடுங்கக்கா" என்று கெஞ்சினாள். அந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லிவிட்டது! "நோட்டை எடு. என்ன செஞ்சேன்னு முதல் வரியிலேர்ந்து படி" என்றது. முக்கால் மணி நேரம் இவள் படிக்க, அது கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் இவளே, "ஐயோ அக்கா, தட்டுல மருந்து மாறிப்போச்சு!" என்று கத்தினாள். மரபணுத் துண்டு ஏறிய கிருமி மட்டும் பிழைக்கட்டும் என்று தட்டில் ஒரு ஆன்டிபயாடிக் கலப்பார்களாம். அதில் இவள் வேறு மருந்தைக் கலந்திருக்கிறாள். எல்லாமே செத்துப் போயிருக்கின்றன.

எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்ததை ஒரு நிமிஷத்தில் சொல்லித் தொலைத்தால் என்ன? மகள் சிரித்தாள். "அம்மா, அஞ்சாம் கிளாஸ்ல நீ தெர்மாகோல்ல லைட்ஹவுஸ் செஞ்சு குடுத்தியே, ஞாபகம் இருக்கா? மிஸ் கேள்வி கேட்டப்போ முழிச்சேனே!" வாயை மூடிக்கொண்டேன். நம்மில் எத்தனை பேர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பிள்ளையின் புராஜெக்டை ஒட்டியிருக்கிறோம், சொல்லுங்கள்!

இந்தப் போட்டியில் எந்த வேலையை மாணவர்கள் செய்தார்கள், எதில் யார் உதவினார்கள் என்று வெளிப்படையாக எழுதிக் கொடுத்தாக வேண்டுமாம். அதை மறைத்தால் பதக்கம் கிடையாது. கிருமி லேப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்பதும் கண்டிப்பான விதி. அதையும் கவனிப்பது இந்த வழிகாட்டிகள்தான். (பையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுமோ என்று நான் பயந்ததைச் சொன்னால் இப்போதும் கேலி செய்கிறாள்.)

ஆனால் வழிகாட்டிகளை நாம் நடத்தும் விதம் சரியில்லை. பொறுப்பான மேடத்துக்கு ஒரு பீரியடுகூடக் குறைக்கவில்லை. வழக்கமான வகுப்பு, விடைத்தாள், வீட்டில் இரண்டு குழந்தைகள், அதற்கு மேல் இது. அணியை வைத்து எடுத்த போட்டோவில் பெரியவர்கள் எல்லாரும் நடுவில். மேடம் இரண்டாம் வரிசையில். அக்கா ஓரத்தில் பாதி முகம். கூட இருந்து பார்க்கிற வேலை என்றால் கணக்கில் வராது போலிருக்கிறது. இல்லத்தரசிகளுக்கு இது புதுசா என்ன?

பாரீசுக்கு மாணவர்களை அனுப்ப நன்கொடை திரட்டும் கல்லூரிகள், அந்த ஆசிரியர்களுக்கு அந்தப் பருவத்தில் வகுப்பைக் குறைக்கட்டும். ஆராய்ச்சி மாணவிக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து, இதைக் கற்பித்த அனுபவமாகச் சான்றிதழிலும் எழுதட்டும். லேப் முடிய இருட்டிவிட்டால் ஸ்டேஷன் வரை வண்டி விடட்டும். என் கணவரின் சண்டையில் பாதி அதற்காகத்தான், அது நியாயமும்கூட.

பெண்ணைத் தடுத்து நிறுத்துவதற்கு முன்னால் அந்த வழிகாட்டியிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள், தோழிகளே. நான் நம்பர் வாங்கிவைத்திருக்கிறேன். இவள் ஆவடியில் ரயில் ஏறியதும் அக்காவிடமிருந்து தகவல் வந்துவிடும். "நீ ரூமுக்குப் போய்ச் சேர்ந்தியாம்மா? சாப்பிட்டியா?" என்று நானும் இப்போது கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு இப்படி யாராவது கிடைத்திருந்தால் எழுதுங்களேன்.

— ஓர் அம்மா, அம்பத்தூர் ஓ.டி.