இயக்குநீர் என்று சொல்ல நாக்கூசுவதேன்?

திருவண்ணாமலையில், இரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலையில், பன்னாட்டாரும் நடமாடுகின்றனர். இரமணர் நூல்களை மூலத்திலேயே கற்கவேண்டித் தமிழ் பயின்ற அயல்நாட்டாரும் உளர். 1927ஆம் ஆண்டில் அவர் 'உபதேச உந்தியா'ரை முதற்கண் தமிழில் இயற்றினார். வடமொழி, தெலுங்கு, மலையாள வடிவங்களைத் தாமே பின்னர் ஆக்கினார். உள்ளத்தின் நுட்பத்தை உரைக்கப் போதிய தமிழ், ஒரு மூலக்கூற்றின் நுட்பத்தை உரைக்கப் போதாதாம்! இங்ஙனம் கூறுவோர் அயலார் அல்லர், நம்மிடையே கற்றவரே.

தமிழகப் பாடநூல்கள் கிரந்த எழுத்திட்டு 'ஹார்மோன்' என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் 'ஓமோன்' என்கின்றன. எழுத்தே வேறு, இரண்டும் மாணவர்க்கு எப்பொருளையும் உணர்த்தா. 1905இல் இலண்டனில் இச்சொல்லை வழங்கிய இசுட்டார்லிங்கு, 'இயக்கு, கிளர்ந்தெழச் செய்' எனப் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்தே அதனை எடுத்தார். நம் 'இயக்குநீர்' அவ்வினைப் பொருளோடு, உமிழ்நீர், கணையநீர் போலச் சுரப்பியில் ஊறுவது என்பதையும் காட்டுகிறது.

'இசுட்டீராய்டு' எனப்படும் இயக்குநீர்களை உடல் கொலசுட்டரால் என்னும் கொழுப்பிலிருந்து ஆக்குகிறது. உயிரணுவின் உறையும் பெரும்பாலும் கொழுப்பே. ஆதலின் இவை உறையை எளிதில் ஊடுருவி, உள்ளிருக்கும் ஏற்பியைப் பற்றி, மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்கின்றன. புரதமாகிய இன்சுலினோ உறையின் புறத்தேயுள்ள ஏற்பியைப் பற்றிச் செய்தியை மட்டும் உள்ளே செலுத்துகிறது. முன்னதைக் 'கொழுப்புவழி இயக்குநீர்' என்றும் பின்னதைப் 'புரதவழி இயக்குநீர்' என்றும் வழங்கினால் பெயரே பாடமாகும்.

இது வெறும் புலவர் பூசலன்று, உயிரைப் பற்றியது. 1948இல் மூட்டழற்சி நோயாளி ஒருவர்க்குக் கார்ட்டிசோன் முதன்முதல் அளிக்கப்பட்டது; 1950இல் அவ்வாய்வுக்கு நோபல் பரிசும் கிட்டியது. அவ்வகை மருந்துகள் இன்று இளைப்புக்கும் மூட்டு வீக்கத்துக்கும் வழங்கப்படுகின்றன. அவற்றைப் பல கிழமைகள் தொடர்ந்து உண்டால், சிறுநீரகத்தின் மேலமர்ந்த அண்ணீரகச் சுரப்பி தன் பணியைக் குறைத்துக்கொள்ளும். திடுமென நிறுத்தினால் உயிர்க்கே ஊறு நேரலாம். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

'இசுட்டீராய்டு' என்ற ஒலியை மட்டும் கேட்டுத் திரும்பும் மூதாட்டிக்கு இது விளங்குமா? "அம்மா, உங்கள் உடலில் ஊறும் இயக்குநீரை ஒத்ததையே மாத்திரையாகத் தருகிறோம். இதை உண்ணுங்கால் உள்ளூற்று ஓய்ந்திருக்கும். மீண்டும் ஊற நாளாகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கிணற்றூற்றை அறிந்தவர் உடனே தெளிவார்.

மருந்தின் வணிகப் பெயரை மாற்றுமாறு எவரும் கேட்கவில்லை. நோயாளிக்கு உரைக்கும் சொல் தமிழாதல் வேண்டும் என்பதே வேண்டுகோள். தமிழ் மருத்துவர்களே! ஆசிரியர்களே! சொல் ஆயத்தமாக உள்ளது. உங்கள் நா துணிவதே எஞ்சியுள்ளது.