முழங்காலில் ஒரு பகுதியை மாற்றினால் போதுமா?

“அம்மாவுக்கு வயது 68, பருத்த உடல். திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போதும் முழந்தாட்படியிட இயலாமல் பெஞ்சிலேயே அமர்ந்துவிடுகிறார். முழு மூட்டையும் மாற்றாமல், கெட்ட பகுதியை மட்டும் மாற்றலாமாமே? பருமனானவர்களுக்கு அது ஆகாது என்கிறார்களே, உண்மையா?” என்று வாசகி ஒருவர் வினவியுள்ளார்.

முழங்காலுக்கு உட்புறம், வெளிப்புறம், சில்லுக்குப் பின்புறம் என மூன்று பகுதிகள் உண்டு. தேய்வு பெரும்பாலும் உட்புறத்திலேயே மிகுகின்றது; கால் வில்போல் வளைவதும் அதனாலேயே. அப்பகுதியின் தேய்ந்த பரப்பை மட்டும் நீக்கி, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவதே பகுதி மாற்று.

பருமனைப் பற்றிய அச்சம் பழையது. 1989-இல் அமெரிக்க மருத்துவர்களான கோசினும் ஸ்காட்டும் வகுத்த விதிகள், 60 வயதுக்குக் குறைந்தோரையும் 82 கிலோவுக்கு மிஞ்சியோரையும் விலக்கின. ஆனால் ஆக்ஸ்போர்டில் குட்ஃபெல்லோவும் ஓகானரும் உருவாக்கிய மூட்டைப் பொருத்திக்கொண்டோரைப் பல்லாண்டுகள் கவனித்ததில், எடையோ வயதோ மட்டும் விலக்குவதற்குரிய காரணமாகத் தோன்றவில்லை. மயக்க மருந்தை உடல் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதை மருத்துவர் தனியே ஆராய்வார்.

பார்க்க வேண்டியது மூட்டின் நிலையையே. உட்புறத்தில் எலும்போடு எலும்பு உராயுமளவு குருத்தெலும்பு தேய்ந்திருக்க வேண்டும். “இவ்வளவு கெடும்வரை காத்திருப்பதா?” என்று பலர் வியக்கின்றனர். ஆம், அரைகுறைத் தேய்வில் அவசரப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி நீங்காமற் போவதுண்டு. வெளிப்புறக் குருத்தெலும்பு கெடாதிருக்க வேண்டும். மூட்டின் நடுவேயுள்ள முன் குறுக்கு நார் உறுதியாயிருக்க வேண்டும். வளைந்த காலை மருத்துவர் கையால் அழுத்தும்போது அது நேராக வேண்டும். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரே தேய்வைக் குறைத்துக் காட்டக்கூடும். நின்றபடி எடுத்ததே தேவை. முடக்குவாதம் மூட்டு முழுவதையும் தாக்குவதால், அந்நோயாளருக்கு இம்முறை பொருந்தாது.

தகுதியுள்ளோரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வொன்று 2019-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 5 ஆண்டுகளுக்குப் பின் இரண்டும் ஏறத்தாழ ஒரே நலனைத் தந்திருந்தன. எனினும், பகுதி மாற்றுக்குப் பின் மறு அறுவை தேவைப்படுவோர் மிகுதி என்று பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. இதனை அரிதாகச் செய்யும் மருத்துவர்களிடம் அது இன்னும் மிகுதி. ஆகவே, “ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று கூசாமல் கேளுங்கள்.

அம்மாவிடம் ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் பின் நடக்கலாம், படியேறலாம்; முழந்தாட்படியிடுவது மட்டும் பலருக்குக் கடினமாகவே இருக்கின்றது. அதை எதிர்பார்த்தே அவர் இசைகிறாரென்றால், மருத்துவரிடம் அதையும் பேசிவிட்டு நாள் குறியுங்கள்.