பெப்பமின்ற் எண்ணெய்

தலையிடி என்றதும் நம் இல்லங்களிற் பலர் தேடுவது அலுமாரியிலுள்ள சிறிய பெப்பமின்ற் எண்ணெய்க் குப்பியையே. நெற்றியிற் பூசியதும் குளிர்கின்றது. ஆனால் அவ்விடத்தின் சூடு தணிந்துவிட்டதா? இல்லை. எண்ணெயிற் பெரும்பாலும் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும் மெந்தோல், குளிரை உணரும் நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றது. மூளை குளிர் வந்ததெனக் கொள்கின்றது. அந்நரம்பு வாயிலை விஞ்ஞானிகள் கண்டறிந்தது 2002ஆம் ஆண்டில். மூக்கடைப்புக்கு முகரும்போதும் இதுவே நிகழ்கின்றது. அடைப்பு அகல்வதில்லை, அகன்றாற் போன்ற உணர்வே உண்டாகின்றது.

பெப்பமின்ற், இரு புதினா இனங்கள் கலந்து பிறந்த செடி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இதனை இனங்கண்டனர். விதையாற் பெருகாததால் வேர்த்தண்டை நட்டே பயிரிடுவர். பூக்கும் பருவத்தில் அறுத்து, நீராவி செலுத்தி எண்ணெயை வடித்தெடுப்பர்.

இதனாற் பயனில்லை என்பது நம் கருத்தன்று. மதுசாரத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்த கரைசல் தலையிடியைத் தணிப்பதை ஜெர்மனிய வைத்தியர்கள் சோதித்துக் கண்டனர். இரைப்பையைக் கடந்து குடலிற் கரையும் உறையிட்ட குளிசையாகக் கொடுத்தால், குடற்றசைகளின் இறுக்கம் தளர்ந்து வயிற்றுப் பிடிப்புக் குறையும். அதே குணம் இரைப்பையின் மேல்வாயையும் தளர்த்துமாதலின், நெஞ்செரிவுள்ளோர்க்கு இஃது ஆகாது.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நாம் ஒருமுறை தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, அடுத்த வீட்டு ஆச்சி வந்து இவ்வெண்ணெயைக் கேட்டார். குப்பியை எடுத்துக் கொடுத்தோம்; யாருக்கென்று கேட்டோமில்லை. சளியாற் சிணுங்கிய ஐந்து மாதப் பேரனின் மூக்கடியில் அவர் அதனைப் பூசினார். குழந்தை மூச்செடுக்க இயலாது நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சென்றதாற் பிழைத்தது. மெந்தோலின் கடுமையான ஆவி பட்டதும் சிறு குழவிகளின் குரல்வளை இறுகி மூச்சுத் தடைப்படக்கூடும் என வைத்தியர் விளக்கினார். ஆச்சி தம்மையே நொந்துகொண்டார். நொந்துகொள்ள வேண்டியவர் நாமே.

ஆகவே தாய்மாரே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்தருகே இதனைக் கொண்டுசெல்லாதீர்கள். பெரியோரும் சில துளிகளைத் தேங்காயெண்ணெயிற் கலந்தே பூசுதல் நன்று, கண்ணிற் படலாகாது. தோல் எரிந்தால் முதலில் தேங்காயெண்ணெயால் துடைத்துப் பின்னர்ச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இது நீரிற் கரையாது.

நம் வீட்டுக் குப்பியில் இன்று சிவப்பு மையில் ஒரு வரி ஒட்டியிருக்கின்றது: "குழந்தைக்கு அன்று." யாரேனும் இரவல் கேட்டால் அவ்வரியை வாசித்துக் காட்டிய பின்னரே கொடுக்கின்றோம்.