வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு விருந்தாளி!

போன அடைமழையில் ஒருநாள் காலை, அம்மா போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். "ஏய், வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி என்னமோ நெளியுதுடி!"

நாவலூரில் எங்கள் வீடு தரைத்தளம். வாடகைக்கு வரும்போது 'ஏரி தெரியும்' என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். நமக்கு ஏரி தெரிந்தால், ஏரியில் இருப்பவர்களுக்கும் நம் வீடு தெரியும்தானே!

எட்டிப் பார்த்தால், ஆறடிக்குக் குறையாத பாம்பு. மூன்றாவது மாடி மாமா அதற்குள் மாப் கட்டையோடு வந்துவிட்டார். "அடிச்சிடலாம்மா, யோசிக்காதீங்க." வாட்ச்மேன் அண்ணன்தான் தடுத்தார். "சாரைப்பாம்பு சார், விஷம் கிடையாது. எலியைத் தேடி வந்திருக்கும்." கதவைச் சாத்தி, அடியில் பழைய துணியை அடைத்து, 101-க்கு போன் போட்டோம். தீயணைப்பு வீரர்கள் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பாம்பு அசையவே இல்லை. மாமாவைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அன்றைக்கு எனக்கு 2023 டிசம்பர் 4 ஞாபகம் வந்தது. மிக்ஜாம் புயல் நாள். பெருங்களத்தூர் பக்கம் மழை கொட்டும் இருட்டில் ஒரு முதலை ரோட்டைக் கடந்து போகும் வீடியோ வந்தது நினைவிருக்கிறதா? அப்போது நான் டிப்ளமோ மாணவி. 'இது ஃபேக், பரப்பாதீங்க' என்று ஃபேமிலி குரூப்பில் பெரிய மனுஷி மாதிரி பாடம் எடுத்தேன். அன்றே வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாஹு, அது நிஜ முதலைதான் என்று சொல்லிவிட்டார். சென்னையின் சில நீர்நிலைகளில் இவை இருக்கின்றன, கூச்ச சுபாவம் கொண்டவை, வெள்ளத்தில் வெளியே வந்திருக்கிறது, சீண்டாமல் விட்டால் ஒன்றும் செய்யாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சித்தப்பா இன்னும் அந்த மெசேஜை எனக்கு ஃபார்வர்டு செய்கிறார்.

அது சதுப்பு நில முதலை. பெயர் அப்படி இருந்தாலும் ஏரி, குளம், ஆறு எல்லாமே அதற்கு வீடு. தண்ணீர் நிரம்பி வழிந்தாலும் வற்றினாலும் தரையில் நடந்தே இடம் மாறும். அது நடந்த வழியில் இப்போது நாம் ரோடு போட்டிருக்கிறோம். ஏரிக்கரையில் கோழிக் கழிவைக் கொட்டுபவர்களாவது கொஞ்சம் யோசிக்கலாம்.

பாம்பு விஷயத்தில் பயப்பட வேண்டியவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். இதில் எனக்குக் கட்டுவிரியனை நினைத்தால்தான் நடுக்கம். ராத்திரியில் வரும், கடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. தரையில் படுப்பவர்கள் கொசுவலையை பாய்க்கு அடியில் செருகிக்கொண்டால் கொசுவோடு இதுவும் வெளியே நிற்கும். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐ அழைத்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஏற்றும் மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், ஈ.சி.ஆர். வடநெம்மேலியில் இருக்கிறது.

எங்கள் விருந்தாளியைச் சாக்குப்பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் கழித்து லிஃப்டில் மாமாவைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. "கார் ஸ்டார்ட் ஆகலைம்மா. எலி வயரைக் கடிச்சிடுச்சாம். அந்தப் பாம்பை எங்க விட்டாங்கன்னு தெரியுமா?"