மதீனா முஸ்ஹஃபும் நம் மக்தப் பிள்ளைகளும்

உம்ராவிலிருந்து திரும்புவோரும் வளைகுடாவில் பணிபுரிவோரும் அழகிய மதீனா முஸ்ஹஃபைக் கொண்டுவந்து பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். கைபேசிச் செயலிகள் பலவும் திறந்தவுடன் அதே எழுத்தையே காட்டுகின்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் சில நாட்களில் அதே பெற்றோர், "ஹஜ்ரத், மூன்று வருடம் ஓதிய பிள்ளை இதில் இப்படித் தடுமாறுகிறானே?" என்று மத்ரஸாவின் வாசலில் நிற்கிறார்கள். பிள்ளையிடமும் குறையில்லை, கற்பித்தவரிடமும் குறையில்லை. எழுத்து மாறிவிட்டது, மாறியதைப் பிள்ளைக்கு எவரும் சொல்லவில்லை.

இரண்டிலும் உள்ளது ஒரே குர்ஆன். ஓதல் முறையும் ஒன்றே: இமாம் ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்தது. வேறுபாடு எழுத்தின் தோற்றத்திலும் குறியீடுகளிலுமே இருக்கிறது.

மதீனா எழுத்து உஸ்மான் தாஹா அவர்களின் கையெழுத்து. சிரியாவின் அலெப்போ பகுதியில் 1934-ல் பிறந்த இவர், இஸ்தான்புல்லின் பெரும் எழுத்துக்கலைஞர் ஹாமித் ஆய்தாச்சிடம் 1973-ல் இஜாஸா பெற்றவர். 1984-ல் மதீனாவில் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து குர்ஆன் அச்சகம் இவர் எழுத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. மொத்தம் 604 பக்கங்கள். பக்கத்துக்கு 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் முடிவோடு முடியும். எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், ஸபர், ஸேர், பேஷ் ஆகியவை தத்தம் எழுத்தருகே அமையும்படி எழுதியதே அவருடைய பெரும் சேவை என்பேன்.

அந்தக் கையெழுத்தைக் கணினிக்குக் கொண்டுவந்த விதமும் வியப்பூட்டுவது. தமிழ் எழுத்துருவில் 'க' ஒருமுறை வரையப்பட்டால் போதும். அரபியில் எழுத்து தனித்து நிற்கும்போது ஒரு வடிவம். சொல்லின் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் வேறு வடிவங்கள். பக்கத்து எழுத்தைப் பொறுத்தும் வளைவு மாறும். நம் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேருமிடம் துருத்திக்கொண்டு தெரிந்தால் சேலை தேறாது. அரபி எழுத்துருவிலும் இணைப்பிடம்தான் சோதனை. எனவே அந்த அச்சகத்தின் எழுத்துருத் தொகுதி ஒன்றில் 604 பக்கங்களுக்கும் 604 எழுத்துருக்கள் ஆக்கி, ஒவ்வொரு சொல்லையும் ஒரே வடிவமாக வைத்துவிட்டார்கள். பேனாவின் ஓட்டம் அப்படியே நிற்கிறது.

நம் மக்தபுகளில் புழங்கும் இந்தியப் பதிப்புகளின் எழுத்து வேறு மரபு. காதிப்கள் கையால் எழுத, கல்லச்சில் அச்சேறி வந்தது அது. காதிப் என்பது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1927-ல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கிய 'முசல்மான்' உருது நாளிதழ் இந்த நூற்றாண்டிலும் காதிப்களின் பேனாவால் எழுதப்பட்டே வந்தது. அரபி தாய்மொழியல்லாத மக்களுக்கென எழுதப்பட்டதால், இந்தியப் பதிப்பு ஒலிக்கத் தேவையானதைக் கூடுமானவரை வெளிப்படையாகக் காட்டிவிடும்.

அல்ஹம்து சூராவையே பாருங்கள். நம் பதிப்பில் 'அல்ஹம்து' என்பதன் அலிஃபின் மேல் ஸபர் இருக்கும். மதீனா பதிப்பில் ஸபர் இல்லை. ஸாதின் சிறு தலை போன்ற வஸ்ல் குறி மட்டுமே உண்டு. 'அ' என்று தொடங்க வேண்டுமென்பது இலக்கணம் அறிந்தவருக்கே தெரியும். பகரா சூராவின் நான்காம் ஆயத்தில் 'மின் கப்லிக' வருகிறது. நம் பதிப்பில் அந்த நூனுக்கு ஜஸ்ம் உண்டு; மதீனாவில் ஒன்றுமில்லை. இங்கே இஃக்ஃபா செய்க என்பதற்கு அந்த வெறுமையே அடையாளம். 'காலூ' என்ற சொல்லின் கடைசி அலிஃப் மீது மதீனாவில் ஒரு சிறு வட்டம் இருக்கும். அந்த எழுத்து ஒலிக்காது என்று பொருள். பலகையில் ஜஸ்மை வட்டமாகவே எழுதிப் பழகிய பிள்ளை அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? தன்வீனை அடுத்து வஸ்ல் அலிஃப் வந்தால் நம்மவர் கீழே சிறு நூன் எழுதி உதவுவர். அங்கே அதுவும் கிடையாது. வக்ஃபு குறிகளும் வேறு.

தடுமாறி, சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரு கூலி உண்டென்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். அதற்காக நாமே பிள்ளையின் பாதையில் கல்லைப் போடலாமா?

அழகில் உஸ்மான் தாஹாவின் எழுத்தே என் மனத்துக்கு நெருக்கம். ஆயினும் பிள்ளை எந்த எழுத்தில் தொடங்கியதோ அதிலேயே ஒரு கத்தம் முடிக்கட்டும். அதன்பின் ஆசிரியர் அருகிலிருந்து இந்த வேறுபாடுகளைக் காட்டிக் கொடுத்தால் விரைவில் பழகிவிடும். ஹிஃப்ளு செய்யும் பிள்ளைக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆயத்து பக்கத்தின் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கண்ணும் சேர்ந்தே மனனம் செய்கிறது. எனவே முதல் ஜுஸ்உவில் எடுத்த பதிப்பையே கடைசிவரை மாற்றக்கூடாது. செயலிகள் பலவற்றில் இந்திய-பாகிஸ்தானிய எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அத்தாமார்களும் அம்மாமார்களும் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுக்குமுன் அதைப் பார்த்து வையுங்கள்.

ரமழானை முன்னிட்டுப் பள்ளிவாசலுக்கு முஸ்ஹஃபுகளை வக்ஃபு செய்ய விரும்புவோரும், வாங்குவதற்கு முன் இமாமிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புதிய பிரதிகள் அலமாரியில் அழகாக அடுக்கியிருக்க, அட்டை கிழிந்த பழைய இந்தியப் பதிப்பைத் தேடியெடுத்து ஓதும் பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.