முள்ளைப் பார்த்து ஏமாற வேண்டாம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில் பாறசாலையைத் தாண்டினால் மழை குறையத் தொடங்கும். தரிசு நிலம், சாலையோரம், வீடு எழும்பாத மனை - இப்படி வறண்ட இடங்களைத் தேடிப் பிடித்து வளரும் ஒரு முள்செடி உண்டு. இலையெல்லாம் முள். நரம்புகளை ஒட்டி வெள்ளைக் கோடுகள். உச்சியில் மஞ்சள் பூ. தமிழில் பிரமதண்டு, குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு மெக்சிகன் திஸில் என்றும் ஒரு பெயர். பிறந்த ஊர் சரி, குலம் தவறு. திஸில், சூரியகாந்திக் குடும்பம். பிரமதண்டோ கசகசாச் செடியின் உறவு. ஈரலுக்கு மருந்து தரும் பால் திஸிலின் இலையிலும் முள்ளும் வெள்ளைக் கோடும் இருப்பதால் குழப்பம் கூடுகிறது.

பழைய ஆயுர்வேத நூல்கள் சொல்லும் ஸ்வர்ணக்ஷீரி இதுதான் என்பாரும் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வருகைக்குப் பின் வந்த செடி, அந்த நூல்களில் எப்படி இடம்பெறும்?

அடையாளம் காண்பது எளிது. திஸிலின் பூ, சவர பிரஷ் போன்ற கொத்து. விதை பஞ்சோடு பறக்கும். பிரமதண்டின் பூவில் தனித்தனி இதழ்கள். காய் முள் நிறைந்தது, உள்ளே கரிய விதைகள். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் கசியும். சந்தேகம் தீராதவர்களுக்கு 1979இல் தொடங்கப்பட்ட பாலோடு தாவரவியல் பூங்காவின் உலர் தாவரத் தொகுப்பு இருக்கிறது.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. விதை பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். வடக்கே கடுகு வயல்களிலேயே களையாக வளர்ந்து அறுவடையில் கலந்துவிடுகிறது. வேண்டுமென்றே கலப்பவர்களும் உண்டு. அதன் எண்ணெயிலுள்ள சாங்குவினரின் என்ற நஞ்சு கால்களை வீங்க வைத்து, இதயத்தைத் தாக்கும். 1877இல் கல்கத்தாவில் பதிவான இந்த நோய், 1998இல் டெல்லியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

தேங்காய் எண்ணெயில் சமைக்கும் கேரளத்துக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் தாளிக்கும் கடுகு அங்கும் வெளியூர்ச் சரக்குதான். சாலைக் கடைத்தெருவில் வாங்கினாலும் சரி, சென்னையில் வாங்கினாலும் சரி, சந்தேகம் வந்தால் விதையை நசுக்கிப் பார்க்கலாம். கடுகு வழவழப்பாக இருக்கும், உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும், உள்ளே வெள்ளை.